முடிந்த பந்தயத்துக்கு நான் சொன்ன ஆரூடம்

‘தெரியாது’ என்ற சொல்லை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அதற்கு முன் எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இருக்கவில்லை. கப்பல் எப்படி மிதக்கிறது என்று கேட்டால் சொல்வேன். சீனாக்காரன் ஏன் சூடாகத் தேநீர் குடிக்கிறான் என்று கேட்டாலும் சொல்வேன். (யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன், அதுதான் வியாதி.) அந்த வியாதி கோலாலம்பூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஐந்து வெள்ளைக்கார துரைமார்கள் முன்னிலையில் குணமாயிற்று.

முப்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே சாமான் கிடங்கு ஆபீசில் நான் கிராணியாக இருந்தேன். வரும் சாமான், போகும் சாமான் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதுவது வேலை. கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள் தனலெட்சுமியை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில் முகூர்த்தம். எல்லாம் தயார். லீவு மட்டும்தான் இல்லை.

லீவு கொடுக்க வேண்டியவர் மெக்ரே துரை. ஸ்காட்லாந்துக்காரர். சிவந்த மீசை. அந்த வருஷம் இரண்டு பேர் லீவு கேட்டுப் போய், கேட்ட வேகத்திலேயே திரும்பி வந்திருந்தார்கள். ஒருவருக்குச் சொந்தத் தங்கை கல்யாணம். நான் மூன்று வாரம் கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் பெரிய கிராணி நல்லதம்பியர் யாழ்ப்பாணத்தவர். அவரிடம் போய் நின்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“தம்பி, லீவெண்டு சொல்லிக்கொண்டு உள்ளுக்குப் போகாதேயும். துரைக்குக் கோல்ஃப் எண்டால் உயிர். சீமையில இப்ப பெரிய கோல்ஃப் பந்தயம் வருது. அதைப் பற்றி ரெண்டு வார்த்தை கதையும். மனுசன் இளகினாப் பிறகு கடுதாசியை நீட்டும். உமக்குக் கோல்ஃப் தெரியுமோ?”

“நல்லாத் தெரியும்” என்றேன்.

பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

அன்று மாலையே வாசகசாலைக்குப் போனேன். சீமையிலிருந்து கப்பலில் வரும் இங்கிலீஷ் பத்திரிகைகள் அங்கே ஒரு மேசையில் குவிந்து கிடக்கும். அதிலொன்றில் இரண்டு முழுப் பக்கம் கோல்ஃப். ‘அடுத்த மாதக் கடைசியில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் பந்தயம்’ என்று போட்டு, ஆடப்போகிறவர்களின் படங்களையும் போட்டிருந்தார்கள். பத்திரிகையின் மேல் ஓரம் கிழிந்திருந்தது. தேதி இருக்க வேண்டிய இடம் அது. (யாரோ காது குடைந்திருப்பார்கள்.) நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜூன் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே பந்தயம் ஜூலைக் கடைசியில். கணக்கு முடிந்தது.

கப்பல் வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்பது, கப்பல் எப்படி மிதக்கிறது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அப்போது தோன்றவில்லை.

அந்த இரண்டு பக்கத்தையும் நான்கு நாள் படித்தேன். பாதி புரியவில்லை, புரியாத பாதிக்கு நானே அர்த்தம் செய்துகொண்டேன். அதில் அடிக்கடி வந்த சொல் ‘லிங்க்ஸ்’. பந்தயம் நடப்பது லிங்க்ஸில். ரயில்வேக்காரனுக்கு லிங்க் தெரியாதா? பெட்டியையும் பெட்டியையும் கோக்கும் இரும்பு வளையம். மாதம் நானூறு லிங்க்குக்கு நானே சீட்டு எழுதுகிறேன். ஆக, அந்த மைதானத்தில் ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே சங்கிலி கட்டியிருக்கிறார்கள். பந்து அந்தச் சங்கிலியைத் தாண்டிப் போக வேண்டும். அப்படியானால் யார் ஜெயிப்பான்? உயரத் தூக்கி அடிக்கிறவன். படங்களைப் பார்த்தேன். ஹார்க்னஸ் என்று ஓர் ஆள், ஆறடிக்கு மேல், தோள் இரண்டும் கதவு அகலம். அவனுக்குப் பக்கத்தில் டூலி என்று ஒருவன். குள்ளம். பந்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவன்போல் இருந்தான்.

ஹார்க்னஸ்தான் என்று தீர்மானித்தேன்.

தனலெட்சுமியின் அண்ணன் வேலாயுதம் கோலாலம்பூர்த் துரைமார் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில்தான் வேலை செய்தார். புல் வெட்டுகிறவர்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்ட அந்த வாரம் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நான் சும்மா இருக்காமல் பேச்சைத் தொடங்கினேன்.

“மச்சான், சீமைப் பந்தயத்துல ஹார்க்னஸ்தான் ஜெயிப்பான். உயரத் தூக்கி அடிக்கிறானாம்.”

“அங்க தூக்கி அடிக்கக் கூடாதே மாப்ளே” என்றார் அவர், மெதுவாக. “லிங்க்ஸ்ங்கிறதே கடலோர மணல் மேடுதான். மரம் மட்டை ஒண்ணும் கெடையாது. காத்து ஆளையே தள்ளுமாம். துரைங்க பேசிக்குவாங்க. பந்தைத் தரையோட தரையா அடிக்கிறவன்தான் தேறுவான்னு.”

“மச்சான், நீங்க புல்லைப் பாருங்க. இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிற விஷயம்.”

அவர் கல்யாணப் பத்திரிகையை விரித்து, அதில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதைக் காட்டினார்.

மறுநாள் துரையின் அறைக்குச் சீட்டுக்கட்டோடு போனேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமி, “சார், கோல்ஃப் பந்தயம் நெருங்குகிறது” என்றேன்.

பேனா நின்றது. கிடங்குக் கிராணியின் வாயிலிருந்து கோல்ஃப் வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. “உனக்கு அதில் அக்கறை உண்டா?”

“ரொம்ப, சார். பல வருஷமாக.” (நான்கு நாள்.)

துரையின் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு வெளிச்சம் வந்தது. “சபாஷ்! நாளை மறுநாள் முடிவு தெரிந்துவிடும். யார் ஜெயிப்பான் என்கிறாய்?”

‘நாளை மறுநாள்’ என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்து, வந்த வழியே போய்விட்டது. நான் என் பேச்சிலேயே இருந்தேன்.

“நான் அவசரப்படுகிறவன் இல்லை, சார். இன்னும் கணித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் சொல்வேன்.”

“ஞாயிற்றுக்கிழமையா?”

“ஆமாம், சார். அதுவரை பத்திரிகைகூடத் தொடப் போவதில்லை. மற்றவர்கள் எழுதுவது என் கணிப்பைக் கெடுத்துவிடும்.”

துரையின் சிவந்த மீசை ஒரு முறை துடித்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். “நல்லது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிளப் வராந்தாவுக்கு வா. என் நண்பர்களும் உன் கணிப்பைக் கேட்கட்டும்” என்றார்.

கிளப் வராந்தா! எங்கள் ஆட்களில் அங்கே கால் வைத்தவன் தட்டு ஏந்தியவன் மட்டும்தான். நல்லதம்பியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “லீவுக் கடுதாசியைச் சட்டைப் பையில வைச்சுக்கொண்டு போம்” என்றார். சனிக்கிழமை மாலைக்குள் பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. (கொண்டுபோனவன் நானேதான்.)

ஞாயிறு வந்தது. கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு, அது என்னைவிட நிமிர்ந்து நிற்கும்படி செய்து, புதுச் சப்பாத்து மாட்டிக்கொண்டு போனேன். வராந்தாவில் ஐந்து துரைமார், இரண்டு துரைசானிகள், ஒரு தேநீர் மேசை. அவர்கள் உட்கார்ந்திருக்க நான் படிக்கட்டில் நின்றேன். கொஞ்ச தூரத்தில் வேலாயுதம் மச்சான் ஒரு வாளியோடு புல்தரை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வருங்கால மருமகனின் பெருமை இன்றே கிள்ளானுக்குப் போய்விடும் என்று எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

பேசினேன். கால் மணி நேரம் பேசினேன். லிங்க்ஸ் என்றால் என்ன என்று ஸ்காட்லாந்துக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு விளக்கினேன். சங்கிலி எந்த உயரத்தில் இருக்கும் என்று கையால் காட்டினேன். ஒரு துரை மிகுந்த பணிவோடு, “சங்கிலிக்குத் துருப் பிடிக்காதா? கடல் காற்று இருக்கிறதே?” என்று கேட்டார். எண்ணெய் போடுவார்கள் என்று பதில் சொன்னேன். இன்னொருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். ஒரு துரைசானி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஜலதோஷம் என்று நினைத்து, பாவப்பட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

“ஆகவே, கனவான்களே, ஜெயிக்கப்போவது ஹார்க்னஸ். டூலி என்று ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி நாம் பேச வேண்டியதே இல்லை.”

கைதட்டினார்கள். மெக்ரே துரை எழுந்து வந்து என் கையில் ஒரு கோல்ஃப் மட்டையைக் கொடுத்தார். “ஹார்க்னஸ் எப்படி அடிப்பான் என்று காட்டு, பார்ப்போம்.”

அந்த இடத்திலாவது ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றது என் வாய். வராந்தாவுக்கு எதிரே, பந்தை மெதுவாக உருட்டிப் பழகுவதற்கென்று ஒரு புல்தரை. கம்பளம் விரித்ததுபோல் இருந்தது. அதன் நடுவே போய் நின்றேன். துரை ஒரு பந்தை வைத்தார். தூரத்திலிருந்து வேலாயுதம் மச்சான் வாளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எண்ணிப் பதிலுக்கு நானும் கையாட்டினேன். பிறகு மட்டையைக் கடப்பாரைபோல் இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு இறக்கினேன்.

கண்ணைத் திறந்தபோது பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால் இருந்த மலாயா மண்தான் இல்லை. தோசைக்கல் அளவுக்கு ஒரு புல் கட்டி, வேரோடு, ஈர மண்ணோடு கிளம்பிப் போய்த் தேநீர் மேசையில் பால் ஜாடியின் மேல் உட்கார்ந்திருந்தது. என் வலது சப்பாத்து படிக்கட்டில் கிடந்தது. ஜலதோஷக்கார துரைசானியின் மடியெல்லாம் பால்.

மச்சான் மட்டும் ஓடி வந்தார். புல் கட்டியைக் கையில் வாங்கி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து, குழிக்கு முன் மண்டியிட்டார். அந்தப் புல்தரையை வளர்க்க அவருக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கட்டியைப் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“மாப்ளே, நீங்க பேப்பர் படிக்கிறதில்லையா?”

“ஏன் மச்சான்?”

“பந்தயம் முந்தாநாளே முடிஞ்சிருச்சு. தந்தி வந்து, காலையில பேப்பர்லயும் போட்டுட்டான். டூலிதான் ஜெயிச்சான். உங்க ஆளு தூக்கி அடிச்ச பந்தெல்லாம் காத்துல கடலுக்குப் போயிருச்சாம். ரெண்டாம் நாளே அனுப்பிட்டாங்க.”

வராந்தாவைப் பார்த்தேன். ஏழு பேரும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டை, குறிப்பு, துரு, துடித்த மீசை எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. இந்த ஆள் நம் தங்கைக்கு வேண்டாம் என்று மச்சான் இன்றே வீட்டில் சொல்லிவிடுவார். லீவு போயிற்று, லீவுக்குக் காரணமும் போயிற்று என்று நினைத்தேன். அழுதுவிடலாமா என்றுகூட இருந்தது. ஒற்றைச் சப்பாத்தோடு அழுவது நன்றாக இருக்காது என்று பட்டது. ஆகவே நிமிர்ந்து நின்று, என்னிடம் இருந்த அத்தனை இங்கிலீஷையும் திரட்டிச் சொன்னேன்:

“சார், எனக்கு ஒன்றும் தெரியாது. பந்தயத்தை எனக்காகக் காத்திருக்காமல் நடத்திவிட்டார்கள் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.”

அவ்வளவுதான். மெக்ரே துரை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் துரை நாற்காலியோடு சாய்ந்தார். துரைசானி கைக்குட்டையை எறிந்துவிட்டு, மடிப் பாலோடு, வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியில் மண்டியிட்டிருந்த மச்சானும் புல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிக்காமல் நின்றது நான் மட்டும்தான். பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். வேறு என்ன செய்வது?

கோட்டுப் பையிலிருந்து கீழே விழுந்திருந்த கடுதாசியைத் துரை எடுத்துப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் நல்லதம்பியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “நீர் கேட்டது மூண்டு கிழமை. நாலெண்டு போட்டிருக்கிறார். கடைசிக் கிழமை பேப்பர் படிக்கவாம். என்ன தம்பி இது?” என்று கேட்டார். சொன்னேன். அவர் வாழ்நாளில் சிரித்த இரண்டு தடவையில் அது ஒன்று.

கிள்ளானில் மச்சான் ஒன்று விடாமல் நடித்தே காட்டியிருக்கிறார். மாமனார் கவலைப்பட்டு, “பையனுக்குப் புத்தி கித்தி சரியா இருக்கில்ல?” என்று கேட்டாராம். அடுக்களையிலிருந்து தனலெட்சுமி சொன்னது இது: “பொய் சொன்னா அரை மணி நேரம் கூட மறைக்கத் தெரியாத ஆளு. இவரே போதும்ப்பா.”

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அன்றிலிருந்து இந்த வீட்டில் என் வாக்குக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டுவிட்டது. மழை வராது என்று நான் சொன்னால் கொடியில் கிடக்கும் துணியை ஓடிப்போய் எடுப்பார்கள். ரயில் தாமதம் என்று சொன்னால் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். தலைப்பிள்ளை ஆண் என்று நான் சொன்ன மறுநாளே என் மனைவி பாவாடைக்குத் துணி எடுத்தாள். பாவாடை வீண்போகவில்லை. ஒரு முறை அல்ல, மூன்று முறை.

போன வாரம் கடைக்குட்டிக்கு ஒரு வரன் வந்தது. பையன் பூச்சோங்கில் வாத்தியார். எல்லாரும் போன பிறகு, எப்படி இருக்கிறது என்று என் மகள் என்னைக் கேட்டாள். நான் நன்றாக யோசித்து, நிதானமாகச் சொன்னேன்:

“எனக்கென்னவோ இது சரியா வரும்னு தோணல.”

மகள் சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தனலெட்சுமி எழுந்து பாயசத்துக்கு அடுப்பு மூட்டப் போனாள்.