ஆளா, கல்லா?

ஒன்றரை வயது மகளை விட்டுவிட்டுப் பெங்களூர் வேலைக்குப் போவது சரியா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. விடை தெரியாமல் எதையும் நகரவிடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: பெல் அண்ணன்.

சுரங்கத்தின் ஷாஃப்ட் என்ற ஆழ்குழியில் ஆட்களை இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணி அடிப்பவர். ஆளுக்கு ஒரு மணி, கல்லுக்கு வேறு மணி. இரண்டும் சேர்ந்து ஏறவே கூடாது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், ஆண்டர்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் எங்களோடு சி பிளஸ் பிளஸ் படிக்க வந்துவிட்டார், கையில் எவர்சில்வர் டம்ளரோடு.

யார் எதைத் திறந்தாலும் "ஆளா, கல்லா?" என்பார். என் டிபன் பாக்ஸைக்கூட விடவில்லை. புரோகிராமை ஓட்டும் முன் டம்ளரில் பேனாவால் டங்!

"யோவ், இது கிளாஸா, ஷாஃப்டா?" என்பார் மாஸ்டர்.

"கேக்காம எறக்குனா ரெண்டுலயும் உயிர் போவும் சார்."

எனக்குச் சி பிளஸ் பிளஸ்ஸில் வினை டெம்ப்ளேட்டில். உள்ளே என்ன வகை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதும் பெட்டி அது. ஆனால் அப்படிப் பத்துப் பெட்டிகளை வரிசையாக, ஓர் அரேயாக வைக்கும்போது எண்ணா, எழுத்தா என்று சொல்லியாக வேண்டும். பத்திலும் ஒரே வகை. முடிவெடுக்கப் பயந்து நான் எப்போதும் வகையை எழுதாமல் விட்டுவிடுவேன்.

தேர்வன்றும் அதே. சான்றிதழ் இல்லாவிட்டால் பெங்களூர் இன்டர்வியூ இல்லை. வீட்டில் பாப்பா பால் குடித்தாளோ என்ற நினைப்பு வேறு. திரை முழுக்கப் பிழைகள். பத்து நிமிடம்தான் பாக்கி.

டங்!

பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து பெல் அண்ணன், என் திரையைப் பார்த்தபடி. மாஸ்டர் அவரை அப்படியே வெளியே அனுப்பினார். ஆளா, கல்லா? நான் 'எண்' என்று வகையை எழுதினேன். ஓடியது.

வாசலில் நின்றிருந்தார். "உங்க பரீட்சை போச்சேண்ணா!"

"இன்னாம்மா நீ? காலியா கேஜ் போவுது, பாத்துகினு சும்மா இருக்கச் சொல்றியா?"

இப்போது வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பெங்களூர் ரயிலோ தினமும் பாப்பா கண் விழிக்கும் முன்பே கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்த அண்ணனிடம் காபியை நீட்டிக் கேட்டேன்: "பாப்பாவும் வேலையும் ஒரே கேஜ்ல ஏறுமாண்ணா?"

பேனாவை எடுத்தார். டம்ளருக்கு அருகே கொண்டுபோனார். பிறகு சட்டைப்பையிலேயே செருகிக்கொண்டார். "இதுக்கு மணி எனக்குத் தெர்லம்மா."

தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பதில் வரும்வரை டம்ளரைத் தட்டமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை.