கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்த நாள்

கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர்கள் எங்கெங்கோ இருக்கட்டும். அதன் வயிற்றுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று முழுசாகத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஹட்டன் டவுனில் இருந்தார். வாயில் வெற்றிலை, காலில் ரப்பர் செருப்பு, தோளில் ஒரு உரப்பை. கவ்வாத்து அண்ணன் என்போம். சொந்தப் பெயரைக் கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இருபது வருசம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலை உயர்ந்துபோய்க் கொழுந்து குறைந்தால், செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்களே, அந்த வேலை. பிறகு டவுனுக்கு வந்து ஒரு ரிப்பேர் கடையில் சேர்ந்தார். யாருக்கும் வேண்டாத கம்ப்யூட்டர்களைக் கழற்றிப் பூட்டி, இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசித்து, தானாகவே எல்லாம் கற்றுக்கொண்டார். கவ்வாத்துக் கத்தியை மட்டும் விடவில்லை. கம்ப்யூட்டர் ஏதாவது வேலையாகச் சுற்றிக்கொண்டிருந்தால், இவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் அது வேகமாக ஓடும் என்று எங்கள் ஸ்டூடியோ முதலாளி சத்தியமே செய்வார்.

நான் அப்போது ஹட்டன் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். கல்யாணம், சடங்கு வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சீடி போட்டுக் கொடுக்கும் வேலை. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு கம்ப்யூட்டர். இரண்டு கல்யாணம் ஏறினால் மூச்சு முட்டி, இடம் இல்லை என்று சொல்லிவிடும். எங்கள் ஃபைல்களைக் கூட்டிப் பார்த்தால் இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாது. கணக்கில் வராமல் யாரோ உள்ளே குடியிருக்கிறார்கள் என்று முதலில் சொன்னது கவ்வாத்து அண்ணன்தான்.

மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கை போடும். நாமெல்லாம் வாசிக்காமலே சரி என்று அமுக்குவோம். அவர் செருப்பைக் கழற்றி வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அமுக்குவார். பிறகு ஒரு கொப்பியைத் திறப்பார். அதில் பெரிய ஃபைல்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெட்டலாம், தொடாதே, கேட்டு வெட்டு என்று மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். கொப்பியில் இல்லாத பெயர் வந்தால், அது யார், யாருக்கு வேலை செய்கிறது என்று தெரியும்வரை கை வைக்கமாட்டார். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் சரி.

ஒரு தோட்டத்துக் கிளாக்கர் இதைப் பார்த்துவிட்டு, இது என்ன பெரிய வித்தை என்று தன் ஆபிஸ் கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டார். பெயர் விளங்காத ஃபைல் எல்லாம் களை என்று முடிவு செய்து, ஒன்று விடாமல் பிடுங்கினார். மறுநாள் கருப்புத் திரை. கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றிக் கொழுந்து லொறியில் கொண்டுவந்தார்கள். அண்ணன் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"களையெடுத்த கையி," என்றார். "கவ்வாத்துத் தெரியாது."

மூன்று நாளில் உயிர் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கிளாக்கர் இவரைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்றுதான் பேசுவார்.

இவ்வளவு பெரிய மனிதரிடம் ஒரு கிறுக்குத்தனம் இருந்தது. வெயில் அடித்தால் வெட்டமாட்டார். வெயிலில் கவ்வாத்து வெட்டினால் செடி கருகிவிடும், சரி. கம்ப்யூட்டர் எங்கே கருகும்? கேட்டால் வானத்தைப் பார்ப்பார், பனி மூடம் வந்ததும் வாங்க என்பார், போய்விடுவார். எத்தனை தரம் எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் தெரியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு வெயில் நாளில்தான் பாக்கியம் அக்கா வந்தார். கொத்மலைப் பக்கத்துத் தோட்டம். மறுநாள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். மகளுக்குப் போன மாதம் சடங்கு நடந்தது, நாங்கள்தான் வீடியோ எடுத்தோம். அந்த சீடியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சாயந்தரம் பஸ். போகிற வீட்டில் பார்க்க விடுவார்களா என்று கேட்டேன். விடாவிட்டாலும் பெட்டிக்குள் இருந்தால் போதும் என்றார்.

சீடி இன்னும் போடவில்லை. போடக் கம்ப்யூட்டரில் இடமும் இல்லை. சடங்கு வீடியோவை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம் என்றால் டேப்பும் இல்லை, அதன் மேல் அடுத்த கல்யாணத்தைப் பதிந்த புண்ணியவதி நான்தான். அந்தப் பிள்ளையின் சடங்கு இந்த உலகத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. முதலாளி, கவ்வாத்து அண்ணனைக் கூட்டிவர ஓடினார். நான் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு, மறைந்திருந்ததில் பெரிய ஃபைலாகப் பார்த்து அழிக்கப் போனேன். ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது, அழிக்க முடியாது என்றது கம்ப்யூட்டர். முடியாதா, பார்க்கிறேன் என்று வேறு வழியில் கம்ப்யூட்டரைத் திறந்து அழிக்க ஒரு பிளொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து வாசலில் நின்றார். வானத்தைப் பார்த்தார். சுள்ளென்ற வெயில். திரும்பிப் போகப் பார்த்தார்.

பாக்கியம் அக்கா எழுந்து நின்றார். "அண்ணே, நாளைக்கு இந்நேரம் நான் இங்க இருக்க மாட்டேங்க."

அவர் உள்ளே வந்து அக்காவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "குடை இருக்குதாம்மா?"

இருந்தது. அதை விரித்துக் கம்ப்யூட்டருக்கு மேலே பிடிக்கச் சொன்னார். வெட்டின செடிக்கு மேலே கொப்புகளைப் பரப்பி நிழல் கொடுப்பார்களே, அந்த மாதிரி. கூரை போட்ட கடைக்குள்ளே பாக்கியம் அக்கா இரண்டு கையாலும் குடையைப் பிடித்து நிற்க, பஜாரே வாசலில் கூடிவிட்டது. அண்ணன் செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், உட்கார்ந்தார்.

நான் அழிக்கப் போன ஃபைலைத்தான் முதலில் காட்டினார். "இது மூச்சுக் கொப்பு தங்கச்சி." கவ்வாத்து வெட்டும்போது செடி மூச்சு விட ஒரு கொப்பை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு ஞாபகம் நிரம்பி வழியும்போது, மிச்சத்தை இறக்கி வைக்கிற இடம் அந்த ஃபைல். அதைத் தொடவில்லை. அடுத்தது தூங்குகிற ஃபைல். கம்ப்யூட்டரைத் தூங்க வைத்தால், அப்போது நினைவில் இருப்பதை எல்லாம் எழுதி வைக்கப் பிடித்து வைத்திருக்கும் பெரிய இடம். நாங்களோ தினமும் அடியோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்கள். அதையும் அவர் கையால் அழிக்கவில்லை. தூங்குகிற வசதியை நிறுத்தினார், ஃபைல் தானாகவே போய்விட்டது. கடைசியாக, கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பக் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த பிரதிகள். ஆகப் புதியதை விட்டு மற்றதைக் கழித்தார். அங்கேதான் ஒளிந்திருந்தது இடமெல்லாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சீடி வேலை ஓடத் தொடங்கியது. அண்ணன் கத்தியைத் தீட்டினார். பாக்கியம் அக்கா குடையை இறக்கவே இல்லை. மூன்றரை மணிக்கு சீடி வெளியே வந்தது. போட்டுப் பார்த்தோம். மகள் மாலையோடு தலைகுனிந்து நின்றாள். அக்கா ஒரு நிமிசம் பார்த்தார், சீடியை சேலைத் தலைப்பில் சுற்றினார், பஸ்ஸுக்கு ஓடினார். குடையை மறந்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டருக்கு வெயில் என்னண்ணே செய்யும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது," என்றார்.

பிறகு ஏன் எங்களை அத்தனை தரம் திருப்பி அனுப்பினீர்கள் என்றேன். ஆத்திரத்தில் வந்தோமாம், வெயில் வெறும் சாக்காம். ஆத்திரத்தில் வெட்டக்கூடாதாம்.

"அப்ப குடை?"

கத்தியை உரப்பையில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அந்தம்மாவோட கையப் பாக்கலியா தங்கச்சி? வந்ததுலேருந்து நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. புடிச்சிக்க ஏதாச்சும் குடுக்கணும்ல."

இப்போது என் வீட்டிலும் கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு குடை சாய்ந்திருக்கிறது. கேட்கிறவர்களிடம் மழைக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.