பதினோராவது கேள்வி

கருத்தனேந்தல்,
திருச்சுழி வழி.
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ராஜபாண்டிக்கு,

அக்கா சௌந்தரம் எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தானும் குறிப்பிட்டுச் சொல்லும்படி நோய் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே மழை இல்லை. நீ கேட்கமாட்டாய், ஆனாலும் ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விட்டால் கடிதம் நிறையாது.

பெற்றோரின் பள்ளித் தேர்வுரிமை பற்றி உன் ஆய்வு நிறுவனம் அனுப்பிய படிவம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. ஊரில் அண்மையில் பள்ளியில் சேர்ந்த ஒரு குழந்தையைப் பற்றி விசாரித்து நிரப்பும்படி சொல்லியிருந்தாய். பத்துக் கேள்விகளைச் சிரமமில்லாமல் கடந்தேன். பதினோராவது கேள்வி, குழந்தைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பது. அ என்றால் தந்தை, ஆ என்றால் தாய், இ என்றால் இருவரும் கலந்து பேசி, ஈ என்றால் பிறர், பெயரைக் குறிப்பிடவும். நான் ஈ என்பதை அமுக்கி, காளியம்மன் என்று எழுதினேன். உடனே அவருடைய கல்வித் தகுதி என்ன என்று படிவம் கேட்டது. அதற்கு மேல் அதனோடு பேச முடியாது என்று தோன்றியதால் இந்தக் கடிதம்.

என் பள்ளி உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது வராந்தாவிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். போன ஏப்ரலில் மிஞ்சியிருந்தவர்கள் நான், சத்துணவு சமைக்கிற ஜக்கம்மாள், ஐந்தாம் வகுப்பு ஹரி. ஹரிக்கு வகுப்பில் முதல் ரேங்க்கும் கடைசி ரேங்க்கும் அவனேதான். அவனும் ஆறாம் வகுப்புக்கு மல்லாங்கிணறு போய்விட்டான். பிள்ளையே இல்லாத பள்ளி என்று பட்டியலில் ஏறிவிட்டால் கதவைப் பூட்டி, என்னை ஒரு திசைக்கும் ஜக்கம்மாளை ஒரு திசைக்கும் அனுப்பிவிடுவார்கள். இந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்குரிய வயதில் ஊரில் இருப்பது ஒரே பிள்ளை, சுவாதி. ஆக, ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் ஐந்து வயதுப் பெண்ணின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சுவாதியின் தாய் கனகலட்சுமி என்னிடம் படித்தவள். மே மாதம் ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

"டீச்சர், கோவிச்சுக்கிறாதீக. மெயின் ரோட்டு இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல பிள்ளையப் போடலாம்னு இருக்கேன். இலவச ஒதுக்கீட்டுல எழுதிப் போட்டிருக்கேன்."

"என்கிட்ட என்ன குறையைக் கண்டே?"

"குறையெல்லாம் இல்ல டீச்சர். நீங்க சொல்லிக்குடுத்த வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் இன்னமும் தலைகீழாச் சொல்லுவேன். மில்லுல நூல் கோன் மாத்தையில அதச் சொல்லிக்கிட்டுதான் மாத்துறேன். நேரம் போயிரும்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நான் கற்பித்தவர்களில் கணக்கில் அவளை விஞ்சியவர் இல்லை. அந்த இங்கிலீசுப் பள்ளியைப் பற்றியும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. பருத்தி விளைந்த நிலத்தில் கட்டடம் எழுப்பி, வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கியை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே கற்பிக்கிற இரண்டு பேர் என் மாணவிகள். அவர்களுடைய ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், நான் கற்றுக்கொடுத்ததுதான்.

இலவச ஒதுக்கீட்டுக்கு வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் அல்லவா? சாலை வழியாகப் போனால் அவள் வீடு தூரம், கண்மாய்க்குள் இறங்கிக் குறுக்கே நடந்தால் கிட்டம். தூரத்தை விசாரிக்க வந்த அலுவலரைக் கனகலட்சுமி நேராகக் கண்மாய்க்குள் கூட்டிக்கொண்டு போய், கருவேல முள்ளை விலக்கிவிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு உள்ளேதான் என்று நடந்தே காட்டினாள். கண்மாயில் தண்ணீர் இருந்திருந்தால் சுவாதி அன்றைக்கே தகுதி இழந்திருப்பாள். நம் பக்கத்து வறட்சியால் ஒருவருக்கு நன்மை விளைந்ததை நான் முதன்முறையாகப் பார்த்தேன், அதுவும் எனக்கு எதிராக. அப்புறம் விண்ணப்பித்தவர்கள் அதிகம் என்று பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கினார்கள். சுவாதியின் பெயர் வந்துவிட்டது.

இந்த இடத்தில் அவள் புருஷன் வீரபாண்டி குறுக்கே விழுந்தான். லோடு லாரியில் போகிறவன். அவன் என் பக்கம்தான், ஆனால் அதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைக் கேள்.

"நம்ம பள்ளிக்கூடமே போதும் டீச்சர். பொட்டப்புள்ள, ரொம்பப் படிச்சிரக் கூடாது பாருங்க. உங்ககிட்ட விட்டா அந்தப் பயம் இல்ல."

நன்றி சொல்வதா, வெளியே போ என்று சொல்வதா என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை. என் பள்ளியைக் காப்பாற்ற வந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் உட்காரச் சொன்னேன்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முடிவில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து, அம்மன்கிட்டப் பூக் கட்டிப் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். உனக்குச் சென்னையில் மறந்திருக்கும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள், வந்த நிறம்தான் அம்மனின் உத்தரவு. வெள்ளை வந்தால் என் பள்ளி, சிவப்பு வந்தால் ஒட்டகச்சிவிங்கி. இது மூடநம்பிக்கை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அரசாங்கமே இப்போதுதான் சீட்டுக் குலுக்கியது நினைவுக்கு வந்ததால் மூடிக்கொண்டேன்.

பொட்டலத்தைக் கட்டுவது யார் என்பதில் அடுத்த தகராறு. பூசாரி சங்கரபாண்டியன் கட்டக் கூடாது என்றான் வீரபாண்டி. அவர் மகன் சதீஸ்குமார் அந்தப் பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறான். ஜக்கம்மாள் கட்டக் கூடாது என்றார் பூசாரி. அவள் எங்கள் பள்ளியில் சமைக்கிறவள். அப்படியானால் நான் மட்டும் எந்தக் கட்சி என்று கேட்காமல் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"டீச்சர் கட்டட்டும்," என்றாள் கனகலட்சுமி. "அவுகதான் சாமி கும்பிட மாட்டாக. சாமிகிட்டத் தனியா எதுவும் கேட்டுக்க மாட்டாக."

"அட, ஆமா," என்றார் பூசாரி. "நம்பிக்கை இல்லாதவுக கையிதான் சுத்தம்."

என் அவநம்பிக்கைக்கு இந்த ஊரில் ஒரு மரியாதை கிடைத்தது இந்த ஒரு தடவைதான். ஒரு கை வெள்ளரளியும் ஒரு கை செவ்வரளியும் கொடுத்தார்கள். கோவிலை ஒட்டியிருக்கிற எங்கள் பள்ளியின் சத்துணவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இலை எடுத்துவரவில்லை. என் பையில் இந்த வருடத்துச் சேர்க்கை விண்ணப்பங்கள் ஒன்றும் செலவாகாமல் இருந்ததால் இரண்டு தாளை எடுத்து மடித்துக் கட்டினேன்.

"தாள்ல கட்டுனா அம்மன் ஏத்துக்குமா?" என்றார் பூசாரி.

"கவர்மெண்டுத் தாளுதானய்யா, ஏத்துக்கிரும்," என்றான் வீரபாண்டி.

சுவாதியே எடுத்தாள். இரண்டையும் முகர்ந்து பார்த்தாள், பெரியதாகத் தோன்றியதை எடுத்தாள். பிரித்தார்கள். செவ்வரளி.

வீரபாண்டி மூன்று தடவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று குதித்தான். பூசாரி மற்றப் பொட்டலத்தையும் பிரிக்கக் கை நீட்டினார். ஒரு தடவை கேட்டால் கேட்டதுதான், வராத பூவைப் பிரித்தால் உத்தரவு கெட்டுவிடும் என்று வகுப்பில் அதட்டுவதுபோல் அதட்டி, அதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பூசாரிக்கே தெரியாத சாஸ்திரத்தைச் சாமி கும்பிடாதவள் சொல்கிறாளே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கனகலட்சுமி மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. நான் மணி அடித்தேன், யாரும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன். பூட்டும் உத்தரவு வந்துகொண்டிருப்பதாக வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

உன் அறிக்கையில் இதைத் தாராளமாக எழுது. கருத்தனேந்தலில் தேர்வுரிமை தந்தைக்கும் இல்லை, தாய்க்கும் இல்லை, ஒரு பிடி அரளிப் பூவுக்குத்தான் இருக்கிறது, இத்தனை வருடம் அறிவியல் பாடம் நடத்தியும் மக்கள் இப்படித்தான் இருக்கிறார்கள், அதனால் ஒரு பள்ளியே போயிற்று என்று எழுது. மேற்கோள் வேண்டுமானால் பெயர் சொல்ல விரும்பாத ஒரு தலைமையாசிரியர் கூறினார் என்று போட்டுக்கொள்.

உன் வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசிகள். பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் அதற்குப் பக்கத்தில் வீடு பார்த்தாய் என்று அத்தான் சொன்னார். பாப்பா நன்றாகப் படிக்கட்டும். நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
அக்கா சௌந்தரம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜக்கம்மாள் சத்துணவு அறையைப் பெருக்கிவிட்டு வந்தாள். கையில் முறம், அதில் ஒரு கை வாடிப்போன வெள்ளரளி. "சமையல்கட்டுல அரளியக் கொண்டாந்து ஒளிச்சு வைப்பாகளா டீச்சர்? விசமுல்ல!" என்றாள். பிறகு பூக்களை எண்ணுவதுபோல் குனிந்து பார்த்தாள். அன்றைக்குக் கொடுத்ததில் ஒரு பூவும் குறையவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டுலயும் செகப்புத்தானா? ஏன் டீச்சர், என் சோலிக்கும் சேத்துல்ல பூக் கட்டியிருக்கீக," என்றாள். அவள் முறத்தோடு குப்பைக் குழிக்குப் போனாள், வந்து, எனக்கும் அவளுக்கும் மட்டும் உலை வைத்தாள். ஆகவே தம்பி, மேலே எழுதியது எதையும் அறிக்கையில் சேர்க்காதே. பதினோராவது கேள்வியில் காளியம்மனை அடித்துவிட்டு, ஆ, தாய் என்று போட்டுக்கொள். கல்வித் தகுதி ஐந்தாம் வகுப்பு, என்னிடம்.