அட்டை அண்ணனும் இரண்டு சிவப்புச் சொட்டுகளும்

சாமியே காரில் ஆலங்குடிக்கு வந்து இறங்கினாலும், ‘அட்டை’ அண்ணன் முதலில் காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். எங்கள் ஊர் கார் மெக்கானிக். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, எந்த வண்டி வந்தாலும் அடியில் விரிப்பார். சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை வண்டிக்காரர் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது.

“ஓனரு பொய் சொல்லுவாரு. மீட்டரு பொய் சொல்லும். அட்டை சொல்லாதுங்க.”

அவர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, உள்ளே பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்க, இவர் மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனுக்கு அடியில் படுத்திருந்தாராம்.

எனக்கு இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது, பஸ் படி ஏறுவதும் பெரும்பாடு. இருபது வருஷப் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றுதான் என்னைத் தினமும் புதுக்கோட்டை ஆபீசில் கொண்டு சேர்க்கிறது. அதன் கியர்பாக்ஸ் போனால் சாமான் கிடைக்காது. அப்புறம் எங்கே போவதென்றாலும் அடுத்தவர் கையைத்தான் நான் எதிர்பார்க்க வேண்டும்.

போன மாதம் கார் நிற்கும் இடத்தில் சிவப்பாகச் சொட்டுகள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எந்நேரமும் வாயில் வெற்றிலை. எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

“என் வாசல்ல துப்பாதீங்க பெரியப்பா,” என்றேன்.

“யாரு துப்புனா? நீ பாத்தியா?” என்றார். மூன்று நாள் பேச்சில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அட்டை அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார்.

“ஒங்களையும் நம்பல, பெரியவரையும் நம்பல. வண்டிய ஸ்டார்ட் பண்ணி விடுங்க.”

அடியில் அட்டையை விரித்து, நானும் பெரியவரும் கிட்டே போகாதபடி காவல் காத்தார். நடுவில் டீ குடிக்க அஞ்சு நிமிஷம் போனதோடு சரி. மத்தியானம் அட்டையை உருவினார். நடுவில் ஒரு சொட்டு, எண்ணெயாய் ஊறிப் பரவியிருந்தது. ஓரத்தில் இன்னொன்று, காய்ந்து பழுப்பாக.

“இது கியர் ஆயிலு. இது வெத்தல. ரெண்டு பக்கமும் தப்பிருக்கு.”

பெரியவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கியர்பாக்ஸ் ஆயில் சூடு தணிய ரேடியேட்டருக்குப் போய்த் திரும்ப இரண்டு குழாய்கள் உண்டு. அதில் ஒன்றின் ரப்பர் ஓஸ் காய்ந்து வெடித்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் சூடு தாங்காத பெட்ரோல் ஓஸை மாட்டி, கிளிப்பை வெறியோடு முறுக்கியிருக்கிறார்.

“இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தீங்கன்னா ஆயிலு பூரா ரோட்டுல. கியர்பாக்ஸு கருகியிருக்கும்.”

நான் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆயில் சூட்டைத் தாங்கும் ஓஸ் வாங்கி வந்து மாட்டினார். அடுத்த குழாயின் ஓஸிலும் கத்தியை வைத்தார்.

“அது நல்லாத்தானே இருக்கு அண்ணே?”

“அதான் சந்தேகமா இருக்கு.”

இரும்புக் குழாய் பாடியில் உரசும் இடத்தில் ரப்பர் வைத்துக் கிளிப் போட்டார். ரேடியேட்டர் பக்கம் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் முறுக்கினார். ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் குழாயே திருகிக்கொள்ளுமாம். ஆயில் ஊற்றி அளவு பார்த்தார். முகம் மட்டும் தெளியவில்லை.

“நான் செஞ்ச வேலையவும் நம்புறதுக்கில்ல. மணமேல்குடி வரைக்கும் போயிட்டு வருவோம். நீங்களே ஓட்டுங்க.”

வழியில் நான்கு இடத்தில் நிறுத்தச் சொல்லி அடியில் நுழைந்தார். வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்து ஒரு பஸ்ஸே நின்று விசாரித்தது. மணமேல்குடியில் அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை. அப்புறம்தான் அட்டையை மடித்து வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

திரும்பும்போது, அறந்தாங்கி தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். எவரையும் நம்பாத மனிதர், என் கையை நம்பித் தூங்கினார். ஆலங்குடி வந்தும் எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டை இன்னொரு சுற்று சுற்றினேன்.