தண்ணீர் லாரி டாட் காம்

இல்லாத ஒரு தண்ணீர் லாரியை நான் ஒரு கல்யாண வீட்டுக்கு அனுப்புவதாக உறுதி கொடுத்திருக்கிறேன். மோசடி செய்கிறோம் என்று தெரிந்து செய்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நான் அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, இனி கற்க உலகத்தில் எதுவும் பாக்கியில்லை என்ற நிலையில் திருவொற்றியூரில் அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தேன். (வேலை கிடைக்கவில்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறேன்.) அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து டிரம் கடை போட்டவர். பழச்சாறு, ஊறுகாய் மாதிரியான சாப்பாட்டுச் சாமான்கள் வந்திறங்கிய நீல நிற பிளாஸ்டிக் டிரம்களாகப் பார்த்து வாங்கி, மூன்று தடவை கழுவி, தண்ணீர் பிடித்து வைக்க விற்பார்.

கடைக்கு ஒரு இணையதளம் போடலாம் என்று ஆரம்பித்தது நான்தான். பெயர் முத்துமாலை டிரம் ஸ்டோர் என்றே இருக்கட்டும் என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அதை யாருப்பா தேடுவாங்க? ஜனங்க எந்த வார்த்தையைப் போட்டுத் தேடறாங்களோ, அதுவே தளத்தோட பேரா இருந்தா முதல் பக்கத்துல வரும்."

"நம்ம கடைப் பேரைச் சொல்லாம நம்ம கடைக்கு எப்படிட்டி ஆள் வரும்?"

பாவம், அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று மன்னித்துவிட்டேன்.

பிரௌசிங் சென்டரில் இரண்டு நாள் உட்கார்ந்து, எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்த்தேன். டிரம்மை ஈ காக்கைகூடத் தேடவில்லை. ஆனால் மழை பொய்த்த வருடம் அது. சென்னையில் கம்ப்யூட்டர் தொடத் தெரிந்த அத்தனை பேரும் தண்ணீர் லாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். லாரியைத் தேடி வருகிறவருக்கு அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க டிரம் வேண்டுமா, வேண்டாமா? இப்படியாக எங்கள் டிரம் கடையின் தளத்துக்கு 'சென்னை-வாட்டர்-லாரி-வாட்டர்-டேங்க்-புக்கிங் டாட் காம்' என்று பெயர் வைத்தேன். முகப்பில் 'தண்ணீர் லாரி' என்ற சொல்லை மூச்சு விடாமல் முப்பது முறை எழுதினேன். டிரம் என்ற சொல் கீழே, கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது. ஆர்டர் கொடுக்க ஒரு படிவமும் வைத்தேன். நிரப்பி அனுப்பினால், 'உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, குறித்த நேரத்தில் வந்து சேரும்' என்று தானாகவே பதில் போகும்.

இரண்டு மாதத்தில் தளம் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. முதல் ஆர்டர் துபாயிலிருந்து வந்தது! காலடிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் முகவரி. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. எத்தனை வேண்டும் என்ற இடத்தில் 'ஒன்று'.

மண்டபத்துக்கு எதற்கு ஒரே ஒரு டிரம், அதுவும் காலை ஆறு மணிக்கு என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் நேரம் குறித்துத்தான் செய்வார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். எங்கள் கடைக்கு மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் முனுசாமி அண்ணனை, ஐந்து நிமிடம்கூடத் தாமதம் கூடாது என்று மிரட்டி அனுப்பிவைத்தேன்.

ஏழு மணிக்கு வண்டி திரும்பி வந்தது. அதில் பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் காலி டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொன்னுரங்கம் சார், பெண்ணின் அப்பா.

"இன்னாமா இது? எம் புள்ள துபாய்லேர்ந்து தண்ணி லாரி புக் பண்ணிகிறான். நீ காலி டிரம்ம அனுப்பிகிற! அவன் பேச்ச நம்பி எப்பவும் வர லாரிக்காரன வாணாம்னு சொல்ட்டேன். மண்டபத்துத் தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல. ஐந்நூறு பேரு சாப்புடணும். எம் பொண்ணு மூஞ்சில எப்டிமா முழிப்பேன்?"

"சார், அது வந்து... கீவேர்டு..." என்றேன். (சத்தியமாக இதைத்தான் சொன்னேன். முனுசாமி அண்ணன் இன்று வரை சாட்சி.)

அப்பா திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பெரியவரின் கையைப் பிடித்து, "பந்திக்குத் தண்ணி வரும், நான் பொறுப்பு. நீங்க போயி தாலி கட்டுறதப் பாருங்க" என்றார். தெரிந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். மாலைக்கு முன்னால் யாரும் இல்லை. "ஏட்டி, கழுவின டிரம் எல்லாத்தையும் ஏத்து" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நான்கு மீன்பாடி வண்டிகளில் டிரம்களை ஏற்றிக்கொண்டு முனுசாமி அண்ணன் குடியிருக்கும் தெருவுக்குப் போனோம். அங்கே இரண்டு அடிபம்புகளில் இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து வரிசை கட்டிய குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அந்த வருடம் ஒரு குடம் முந்தினால் மண்டை உடையும். அந்த வரிசைக்கு முன்னால் நான் காலி டிரம்களோடு போய் நின்றேன். முனுசாமி அண்ணன் நடந்ததைச் சொன்னார், ஒன்றைக்கூட விடாமல். வரிசையில் முதலாவதாக நின்றவர் அவருடைய மனைவி எல்லம்மா அக்கா. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல தண்ணி லாரி ஓட்னது நீதானா?" என்றவர், பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அடியே, கொடத்தயெல்லாம் அப்பால எடுங்கடி! கண்ணாலத்துக்குத் தண்ணி இல்லன்னு ஒரு தபா பேச்சு வந்துச்சுன்னா, அந்தப் பொண்ணு காலத்துக்கும் கேட்டுகினே கெடக்கணும். நாம சாய்ங்காலம் புடிச்சுக்கலாம்."

முனகல் இருந்தது. ஆனால் குடங்கள் நகர்ந்தன. நகர்ந்த குடங்களையே பார்த்துக்கொண்டு நின்ற என்னை எல்லம்மா அக்கா அதட்டினார்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? தானா வர்றதுக்கு இது இன்னா கம்ப்யூட்டரா? அடி!"

அடித்தேன். கை கொப்பளித்தது. நான் ஓய்ந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் என்னைத் தள்ளிவிட்டு அடித்தார். தன் வீட்டுக்கு ஒரு குடம்கூடப் பிடிக்காதவர்கள் எனக்காக டிரம் டிரம்மாக அடித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டவள், இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. முனுசாமி அண்ணனும் அவருடைய தோஸ்துகளும் வண்டி வண்டியாக மிதித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஒரு டிரம்மில் மட்டும் எத்தனை கழுவியும் எலுமிச்சை வாசனை போயிருக்கவில்லை. சமையல்காரர் அதை ரசத்துக்கு எடுத்துக்கொண்டாராம். அந்த ரசத்தை ஆளாளுக்கு இரண்டு முறை கேட்டு வாங்கினார்களாம்.

அன்றைக்கே தளத்தை எடுத்துவிட்டு, கொப்பளித்த கையோடு அப்பா முன்னால் போய் நின்றேன். "பொய்யச் சொல்லி ஆளைக் கூப்பிட்டா, வந்தவனுக்கு அதை மெய்யாக்கிக் கொடுக்கணும்ட்டி. நமக்கு அவ்வளவு தெம்பு கெடையாது" என்றார். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். அன்று காலை மண்டப வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திருதிருவென்று விழித்தார்கள். டிரைவர் தலையை நீட்டி, "பொன்னுரங்கம் சார் அனுப்சாரு. பொண்ணு கிட்ட சொன்னா தெரியும்னாரு. எங்க ஊத்தணும்?" என்றார்.

அப்பா சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் மணமேடையில், முழு அலங்காரத்தில், மை வழிய அழுதேன். இன்றைக்கும் என் கணவர் புதிதாக யாருக்காவது என்னை அறிமுகம் செய்தால், "எல்லாருக்கும் சீர்வரிசைல கட்டில், பீரோ வந்துச்சு. எனக்கு ஒரு லாரி தண்ணி வந்துச்சு" என்கிறார்.