நாலாவது இடம்

"யாராவது ஒருவர் கடைசியாக வந்துதான் ஆக வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, துரை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கணேசமூர்த்தியின் கையில் சிங்கப்பூர்த் தலைமை ஆபீஸின் கடிதம் இருந்தது.

ரப்பர் வாங்கி விற்கும் பெர்டன் கம்பெனியின் எல்லாக் கிளைகளுக்கும் அதே கட்டளைதான். பெரிய கிராணி உட்பட, எல்லாக் கிராணிகளையும் திறமைப்படி வரிசைப்படுத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஓர் இடத்தில் இரண்டு பேர் கூடாது. காரணம் கேட்கவும் கூடாது.

காரணத்தை வேறு கேட்பார்களா? மலாயாவுக்குச் சுதந்திரம் வரும் மெர்டேக்காவுக்கு இன்னும் பன்னிரண்டே நாள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் மூட்டை கட்டுவதாக மலாக்கா முழுக்கப் பேச்சு. கடைசியில் வருகிறவனுக்குச் சீட்டுக் கிழியப்போகிறது என்பது ஆபீஸ் இருந்த காஜா பெராங் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கிளையில் மொத்தமே நாலு கிராணிகள். முதல் இடத்தில் கணேசமூர்த்தி தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஜப்பான்காரன் காலத்தைக் கழித்தாலும் பதினைந்து வருஷ சர்வீஸ். அந்த இடத்தில் அவருக்கு ஒரு சிரமமும் ஏற்படவில்லை. நாலாவது இடம்தான் சிக்கல்.

நியாயப்படி அது நடராஜனுக்கு உரியது. எட்டு மணி ஆபீஸுக்கு ஒன்பது மணிக்கு வருவான். ஆனால் அவன் கணேசமூர்த்தியின் மனைவி விஜயாவின் தம்பி. ரகசியக் காகிதம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியதை, கணேசமூர்த்தி மத்தியானச் சாப்பாட்டிலேயே அவளிடம் சொல்லிவிட்டார். அவருக்கு வாய் நிற்காது.

"என் தம்பி பேரக் கடைசியில போட்டுட்டு, நான் ஆக்குற சோத்த எப்படிங்க திம்பீங்க?" என்றாள் விஜயா. ரசம் அதற்குமேல் வரவில்லை.

நடராஜனை நாலாவதாக அடித்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, டைப்பிஸ்ட் சேதுராமனை நாலாவதாக வைத்து ஒற்றை விரலால் மறுபடி அடித்தார். அடித்து முடிக்கவும் சேதுராமன் எதிரே வந்து நின்றான்.

"அண்ணே, பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிட்டோம். நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்."

அதுவும் கிழிந்தது. மூன்றாவது காகிதத்தில் நிறுவைக் கிராணி தாவூத் நாலாவதானார். அன்று சாயங்காலமே தாவூத்தின் மனைவி அஸ்மா, விஜயாவுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய நெய்ச்சோறு கொடுத்தனுப்பினாள். கணேசமூர்த்தி ஒரு பிடி தின்றதோடு அந்தக் காகிதமும் கிழிந்தது.

வேறு வழியில்லாமல் மூன்று பேரையும் சேர்த்து 'இரண்டாம் இடம்' என்று கையால் எழுதித் துரையிடம் நீட்டினார். துரை சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு கிழித்துத் திருப்பித் தந்தார்.

மறுநாள் காலையில் சேதுராமன் டைப்ரைட்டரிலிருந்த கார்பன் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கார்பனைப் பத்துத் தடவை பயன்படுத்தாமல் புதிது கேட்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. சட்டம் போட்டவரே கணேசமூர்த்திதான். மூன்று வரிசையையும் அவர் அந்த ஒரே கார்பனில் அடித்திருந்தார்.

"தாவூத் அண்ணே, இங்க வாங்க. நடராஜா, நீயும் வாப்பா" என்று கூப்பிட்டான் சேதுராமன். "நாலாவது எடத்துல நாம மூணு பேருமே இருக்கோம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குது."

"முதல் எடத்துல?" என்று கேட்டார் தாவூத்.

"அது மட்டும் மூணு தடவையும் ஒரே பேரு. நல்லா பளிச்சுன்னு தெரியுது."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கணேசமூர்த்தி பேனாவுக்கு மை ஊற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக இல்லை. நடராஜன் காலை ஆறு மணிக்கே வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றான். தாவூத் ஒவ்வொரு ரப்பர் ஷீட்டையும் மூன்று தடவை நிறுத்தார். குருபோங்கிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் வந்த லாரிகள் முச்சந்திவரை நின்று ஹாரன் அடித்தன. சேதுராமன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி டைப் அடித்தான். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கணேசமூர்த்தியோடு யாருமே பேசுவதில்லை. ஆபீஸ் பியூன் சுப்பையன் மட்டும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரைப் பாவமாகப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலை கணேசமூர்த்திக்கு வெட்கம் பொறுக்கவில்லை. பதினைந்து வருஷம் ஒன்றாகத் தின்றவர்களில் ஒருவன் கழுத்தை அறுத்துவிட்டு எந்த நாற்காலியில் போய் உட்காருவது? புதுக் கார்பன் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு எடுத்தார். ஒன்று தாவூத், இரண்டு சேதுராமன், மூன்று நடராஜன். நாலு, கணேசமூர்த்தி. தன் பெயரில் ஓர் எழுத்தை இரண்டு தடவை அடித்துவிட்டார்.

அந்த வரிசை சிங்கப்பூருக்குப் போன விஷயம் தெரிந்ததும் தாவூத் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்கள என்னென்னமோ நெனச்சுட்டோம் அண்ணே. மாப்பு கேட்டுக்கிறோம்."

"மாமா, நீங்க தெய்வம்" என்றான் நடராஜன். விஜயா மட்டும், "தம்பியக் காப்பாத்தச் சொன்னா தலையையே கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று அழுதாள். கணேசமூர்த்தி வேலை தேடி ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இரண்டு கடைகளில் விசாரித்தும் வைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை சுப்பையன் துரையின் அறையிலிருந்து ஒரு கவருடன் வந்தான். கணேசமூர்த்தி தன் சீட்டுக் கிழிந்துவிட்டதாகவே நினைத்தார். இருந்தாலும் தன் தீர்ப்பைத் தானே படிப்பதுதான் கௌரவம் என்று, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

"வடபோர்னியோ சண்டகானில் புதுக் கிளை திறக்கப்படுகிறது. அதற்குத் திறமையானவர்கள் தேவை. முதல் மூன்று பேரும் பத்தாம் தேதிக் கப்பலில் புறப்பட வேண்டும். மூன்று வருஷம். குடும்பத்தை அழைத்துப் போக அனுமதி இல்லை..."

தாவூத் எடைக்கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நடராஜன், "அக்கா..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்தினான். சேதுராமன் விரல்விட்டு மகளின் கல்யாண மாதத்தை எண்ணினான்.

கணேசமூர்த்தி மிச்சத்தை முணுமுணுப்பாகத்தான் படித்தார்.

"துரை தாய்நாடு திரும்புவதால்... நாலாம் இடத்தில் உள்ளவர்... மலாக்காவிலேயே இருந்து... துரையின் அறையில் அமர்ந்து கிளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்."

மூன்று ஜோடிக் கண்கள் மெதுவாக அவர் பக்கம் திரும்பின. "சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தார் கணேசமூர்த்தி.

அதற்குள் சுப்பையன் துரையின் அறைச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு, மனசார வியந்து சொன்னான்:

"அதான பாத்தேன்! மூணு தடவையும் முதல் எடத்துல ஒக்காந்த மனுசன், காரணமில்லாமயா கடைசிக்குப் போவாரு?"