பல் டாக்டரைப் பிடித்த பாட்டு

"ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்த வக்கீல்.

"நிறுத்தலை சார். பல்லுல இன்னும் வேலை பாக்கி இருக்கு. சாய்ஞ்சுக்குங்க."

"நான் மெஷினைச் சொல்லலை. பாட்டைச் சொல்றேன். நல்லா இழுத்துக்கிட்டு இருந்தீங்க."

பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. தான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது. எதை முணுமுணுத்தோம் என்று யோசித்துப் பார்த்ததும் முகக்கவசத்துக்குள் முகம் வெளிறிப்போனது. அது சர்ச்சில் காலங்காலமாகப் பாடிவரும் பாமாலைப் பாட்டு இல்லை. போன ஞாயிறு சபையில் வாலிபர்கள் கிட்டார், டிரம்ஸ் சகிதம் அரங்கேற்றிய புதுப்பாட்டு.

வேறு யாராவது முணுமுணுத்திருந்தால் பரவாயில்லை. அந்தப் பாட்டை ஒரு கை பார்க்கிறேன் என்று சபை முழுக்கச் சொல்லிவைத்திருப்பவர் இவர். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். இந்த மாதிரிப் புதுப்பாட்டுகள் ஆராதனையில் இருக்கலாமா, கூடாதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும். கூடாது என்கிற கட்சிக்குத் தலைவரும் இவர்தான், பேச்சாளரும் இவர்தான்.

முசுடு என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. அம்மாவை அடக்கம் செய்த அன்று உடைந்துபோயிருந்தவரைத் தாங்கியது பாமாலைப் பாட்டுதான். அப்படிப்பட்ட பாட்டுகளை ஓரம்கட்டிவிட்டு, நாலே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடுவதை அவரால் சகிக்க முடியவில்லை. போன ஞாயிறு தன் எதிர்ப்பைக் காட்டக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதைப் பொத்தியிருக்க வேண்டியவர் கையைக் கட்டியதுதான் வினையாகப் போயிற்று.

இதில் பெரிய சிக்கல், கிட்டார் வாசித்தது அவருடைய மகள்.

முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவளைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தார்.

"அந்த மெட்டு எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்கப்பா."

"ஏன்?"

"சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

ஒரு தகப்பனிடம் சொல்ல முடியாத அளவுக்கு மோசமான இடம் எதுவாக இருக்கும் என்று யோசிக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போகும்போது அவள் இன்னொன்றையும் சொன்னாள்.

"அந்தப் பாட்டை நிறுத்தினா நானும் நின்னுக்கிறேன். ஞாயித்துக்கிழமை நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க."

மகள் இல்லாமல் சபைக்குப் போவதா? கைக்குழந்தையாக அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிய இடம் அது. ஆனால் பேசுவதாக ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பின்வாங்கினால் எதிர்க்கட்சி சிரிக்கும்.

வக்கீலை அனுப்பிவிட்டு உதவியாளரைக் கூப்பிட்டார். அவள் வேலைக்குச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

"இங்க பாரும்மா. இனிமே நான் முணுமுணுத்தா நீ லேசா இருமணும். புரியுதா?"

"நாள் முழுக்க இருமணுமா டாக்டர்?"

"கிண்டலா? சொன்னதைச் செய்."

அவள் சொன்னதைச் செய்தாள். சாயங்காலத்துக்குள் அவளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. வெளியே காத்திருந்தவர்கள், உள்ளே யாருக்கோ தொற்றுவியாதி என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். நாற்காலியில் மாட்டிக்கொண்ட தையல்காரம்மா மட்டும், வாயைத் திறக்கச் சொன்னால் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார்.

இருமல் சரிப்படாது என்று மறுநாள் பாமாலைப் பாட்டொன்றை உரக்கப் பாடிப் பார்த்தார். முதல் அடி கம்பீரமாகக் கிளம்பியது. இரண்டாவது அடியில் லேசாக ஆடியது. மூன்றாவது அடியில் நைசாகப் புதுப்பாட்டுக்குள் நுழைந்துகொண்டது. எத்தனையோ வருஷம் பாடி மனப்பாடம் செய்த பாட்டு, ஒரே தடவை கேட்ட பாட்டிடம் இப்படியா தோற்கும்! அவருக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் தன் தொழிலிலேயே வழி கிடைத்தது. பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்பதற்கு நோயாளிகளைக் கடித்துக்கொள்ளச் சொல்லும் பஞ்சில் இரண்டு துண்டு எடுத்தார். கன்னத்துக்கு ஒன்றாக அடைத்துக்கொண்டு வாயை இறுக மூடினார். சத்தம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விடும்போது கைபேசி அடித்தது. மனைவி.

"வரும்போது பால் வாங்கிட்டு வர்றீங்களா?"

"ஊங்ங்."

"என்னது?"

"வாங்ஙி வங்ஙே."

"ஐயோ! என்னங்க ஆச்சு? வாய் கோணிக்கிச்சா? கை தூக்க முடியுதா? அப்படியே உக்காருங்க, அசையாதீங்க, இதோ வர்றேன்!"

பஞ்சைத் துப்பிவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. பதற்றத்தில் மனைவி கைபேசியை வீட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். கூடவே மகள், காலில் ஜோடி மாறிய செருப்போடு. அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்.

"என்னப்பா ஆச்சு?"

உன் பாட்டு வாயில் வருகிறது, அதற்காகப் பஞ்சு வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? கட்சி என்னாவது?

"பல் வலிம்மா."

"உங்களுக்கா?" என்றார் மனைவி.

"ஏன், எனக்கும் பல்லு இருக்குல்ல?"

அன்று இரவு மகள் கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பொய்க்குக் கிடைத்த கஞ்சி அவருக்குக் கசந்தது. ஆனாலும் மகள் பக்கத்தில் இருந்தது நன்றாக இருந்தது.

மறுநாள் காலைக்குள் மனைவி வழியாகச் செய்தி சபையின் ஜெபக் குழுவுக்குப் போய்விட்டது. தெரிந்தவர்கள் எல்லாம் அவர் பல்லுக்காக ஜெபித்தார்கள். பல் டாக்டருக்கே பல் வலி என்று கேள்விப்பட்டு, வரவேண்டிய நோயாளிகள் வேறு டாக்டரைத் தேடிப் போனார்கள். மத்தியானம் போதகரே ஆரஞ்சுப் பழங்களோடு வந்து சேர்ந்தார்.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை நீங்க பேச வேண்டாம். வாயை அசைக்காம ரெஸ்ட் எடுங்க. உங்க தரப்பை நானே ரெண்டு வார்த்தையில சொல்லிடறேன்."

"இல்ல பாஸ்டர், நான் பேசியே ஆகணும்."

"வலியோடவா? உங்க வைராக்கியத்துக்கு ஒரு அளவே இல்ல டாக்டர்." போதகர் நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தட்டினார். குற்றவுணர்வில் டாக்டருக்கு நிஜமாகவே பல் வலிப்பதுபோல் இருந்தது.

ஞாயிறு வந்தது. முன்வரிசையில், இரண்டு கன்னத்திலும் பஞ்சோடு உட்கார்ந்தார். பார்த்தவர்கள் எல்லாம் "பாவம், எப்படி வீங்கியிருக்கு" என்று உச்சுக்கொட்டினார்கள். பாமாலை முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது. வாலிபர்கள் எழுந்து வந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவனைச் சபையில் எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் குச்சியைத் தட்ட, மகள் பாட ஆரம்பித்தாள்.

நடுவில், வீங்கிய கன்னத்தோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை அவள் பார்த்துவிட்டாள். விரல் தடுமாறியது. அடுத்த அடி வரவில்லை. கிட்டார் நின்றது, டமாரமும் நிறுத்தினான். மகளின் உதடு நடுங்குவதை அவர் பார்த்தார்.

"ம்ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்..."

பஞ்சையும் மீறி வந்தது அந்தச் சத்தம். விட்ட இடத்திலிருந்து, ஒரு சுரம் பிசகாமல், ஏற வேண்டிய இடத்தில் ஏறி, வளைய வேண்டிய இடத்தில் வளைந்து வந்தது. எங்கிருந்து வருகிறது என்று மற்றவர்களோடு சேர்ந்து அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் தன்னிடமிருந்து வருவது தெரிந்தது. அதற்குள் மகள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அவள் குரல் மேலே எழும்பியதும் சபை முழுவதும் கூடப் பாடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடியும்வரை அவர் முணுமுணுப்பதை நிறுத்தவே இல்லை.

ஆராதனை முடிந்து கூட்டம் கூடியது. டாக்டர் பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். இரண்டு பக்கமும் வீக்கம் சட்டென்று வடிந்ததைப் பார்த்து, ஜெபித்தவர்கள் சிலர் "ஸ்தோத்திரம்!" என்றார்கள்.

"ஸ்தோத்திரம் எல்லாம் வேண்டாம். எனக்குப் பல் வலியே கிடையாது. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. இந்தப் பாட்டு வாயில வந்துக்கிட்டே இருந்தது, அதை அடக்கத்தான் பஞ்சு வச்சேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். மகள் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் பார்த்தாள்.

"பாட்டு நல்லாருக்கு. ஒத்துக்கிறேன். ஆனா ஒரே ஒரு தடவை கேட்ட பாட்டு எனக்கு எப்படி இப்படி ஒட்டிக்கும்? மண்டையை உடைச்சுக்கிட்டேன். இது நான் முன்னாடியே எங்கேயோ கேட்ட மெட்டு. சத்தியமா கேட்டிருக்கேன். ஏதோ சினிமாவுல இருந்தோ, கடைத்தெருவுல இருந்தோ சுட்டிருக்கீங்க. சுட்ட மெட்டை ஆண்டவர் முன்னாடி வைக்கலாமா?"

வாலிபர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுட்டது உண்மைதான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துபோயிற்று.

"என் மகள் சொல்ல மாட்டேங்குறா. நீங்களாவது சொல்லுங்க. நல்ல இடத்துல இருந்து வந்ததுன்னா, இந்தப் பாட்டு வேணும்னு நானே முதல்ல கையைத் தூக்கறேன்."

"அப்பா, வேண்டாம்ப்பா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரும்மா. யார்கிட்ட இருந்துடா சுட்டீங்க?"

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து டமாரம் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"உங்ககிட்ட இருந்துதான் அங்கிள். போன வருஷம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்போ இந்த மெட்டை முழுசாப் பாடினீங்க. அப்பவே நல்லாருக்குன்னு சொல்லணும்னு நினைச்சேன், வாய்க்குள்ள உங்க கை இருந்தது."